கடலிலே ஒரு தாய், மரத்திலே ஒரு தாய்



கோடை விடுமுறையைக் கழிக்க என் பேரனும் பேத்தியும் மங்கலம்பேட்டைக்கு வந்திருந்தார்கள். பேரனுக்கு வயது பன்னிரண்டு, பேத்திக்கு ஒன்பது. வந்த மூன்றாம் நாளே வீட்டில் ஒரு வழக்கு மூண்டது. பேரன் கையில் ஒரு படப் புத்தகம். அதில் இறக்கை விரித்துப் பறப்பது போல் கடலில் நீந்தும் ஆனைத் திருக்கையின் படம். பேத்தி கையிலோ, விருத்தாசலத்துப் பீங்கான் கடையொன்றில் நான் வாங்கித் தந்த பொம்மை. மரக்கிளையைக் கட்டிக்கொண்டு, முதுகில் ஒரு குட்டியையும் சுமந்துகொண்டு அமர்ந்திருக்கும் சாம்பல் நிற விலங்கு.

"என்னுடையதுதான் பெரியது, நம் வீட்டுக் கூடத்தையே மூடிவிடும்" என்றான் பேரன். "என்னுடையதுதான் நல்லது, குட்டியை விட்டுவிடாமல் சுமக்கிறது" என்றாள் பேத்தி. "கரடி எதையும் சுமக்கும்" என்றான் அவன். "இது கரடியே இல்லை" என்றாள் அவள். சொல் முற்றி, பொம்மைக்கு ஆபத்து நேரும் நிலை வந்தபோது, "தாத்தாவே சொல்லட்டும்" என்று இருவரும் என் முன்னே வந்து நின்றார்கள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடச் சொன்னால் எப்படி என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒன்று ஆழ்கடலின் மீன்; மற்றொன்று ஆஸ்திரேலியக் காட்டின் விலங்கு. ஒன்றையொன்று கனவிலும் கண்டிராதவை. ஆயினும் எண்ணிப் பார்க்கப் பார்க்க, பிள்ளைகள் விளையாட்டாகக் கேட்ட கேள்விக்குள் பெரியவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டேன். அதனையே இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் உருவத்தைப் பார்ப்போம். ஆனைத் திருக்கை, கொம்புத் திருக்கை என்றெல்லாம் நம் மீனவர் அழைக்கும் இம்மீன், திருக்கைக் குலத்திலேயே மிகப் பெரியது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 7 மீட்டர் அளவும் இருக்கும். முழு வளர்ச்சி பெற்றது 2 டன் எடை வரை வரும். தலையின் இருபுறமும் கொம்பு போல இரண்டு மடல்கள் நீண்டிருப்பதால், மேனாட்டு மாலுமிகள் இதற்குப் பேய்மீன் என்றே பெயரிட்டு அஞ்சினார்கள். ஆனால் இந்தப் பேய்க்குக் கடிக்கத் தெரியாது. மற்றத் திருக்கைகளின் வாலில் உள்ள நச்சு முள்ளும் இதற்கு இல்லை.

பேத்தியின் பொம்மை கோலா என்னும் விலங்கு. இதனைக் கரடி என்றழைத்தவர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர். உண்மையில் இது கரடியன்று. கங்காருவைப் போல் வயிற்றில் பையுடைய விலங்கினத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்த அளவில் வழக்கு பேத்தியின் பக்கமே தீர்ந்தது. எடையோ 4 கிலோ முதல் 15 கிலோ வரைதான். நூறு கோலாக்களைத் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும், மறுதட்டில் உள்ள பெரிய திருக்கை ஒன்றுக்கு ஈடாகா. அந்த அளவில் வழக்கு பேரனின் பக்கம்.

மூளையைக் கேட்டாலும் பேரனுக்கே வெற்றி. மீன்கள் அனைத்திலும் பெரிய மூளை படைத்தது ஆனைத் திருக்கை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கோலாவின் மூளை ஏறத்தாழ 20 கிராம்தான். உடலின் அளவோடு ஒப்பிட்டால் விலங்குகளுள் மிகச் சிறிய மூளைகளுள் ஒன்று.

இனி உணவு. இங்கேதான் ஒற்றுமை தொடங்குகிறது. இத்தனை பெரிய திருக்கை உண்பது என்ன தெரியுமா? கடல்நீரில் மிதக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்ணுயிர்களையே. வாயைத் திறந்தபடி நீந்துகிறது. தலையின் மடல்கள் நீரை வாய்க்குள் திருப்பிவிடுகின்றன. செவுள்களில் உள்ள சல்லடை நீரை வெளியே விட்டு இரையை உள்ளே நிறுத்திக்கொள்கிறது. நம் வீட்டுச் சல்லடை சிறிது நேரத்தில் அடைத்துக்கொள்ளும்; திருக்கையின் சல்லடை அடைப்பதில்லை. காரணம், இரை அதன் துளைகளில் சிக்காமல், இதழ் போன்ற அடுக்குகளின்மீது பட்டுத் தெறித்துத் தொண்டையை நோக்கிச் செல்கிறது. இந்நுட்பத்தை அறிவியலார் 2018ஆம் ஆண்டில்தான் விளக்கினார்கள்.

கோலா உண்பதோ நமக்கு நன்கு அறிமுகமான ஒரு மரத்தின் இலை. ஆம், நம் தைலமர இலைதான்! யூகலிப்டஸ் என்னும் அம்மரத்தின் தாய்நாடு ஆஸ்திரேலியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் சமவெளிக்கும் இறங்கியது. விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரிக்கு அடுத்தபடி கண்ணில் படுவது அதுதானே! நம் ஆடுமாடுகள் அந்த இலையைச் சீண்டுவதில்லை. அதில் சத்தும் குறைவு, நஞ்சும் உண்டு. பிற உயிர்கள் ஒதுக்கிய அந்த இலையையே கோலா நாளொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை தின்கிறது. நஞ்சை முறிக்கும் ஆற்றல் அதன் ஈரலுக்கு உண்டு. இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் குடற்பை மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். கிடைக்கும் சத்து சொற்பமாகையால், அதைச் செலவழிக்காமல் நாளில் 18 மணிக்கு மேல் உறங்கிக் கழிக்கிறது. சோம்பேறி என்று அதனைப் பழிப்பவர் உண்டு. அது சோம்பலன்று, வரவறிந்த செலவு!

ஆக, இருவருமே எவரோடும் போட்டியிடாதவர். எவரையும் அடித்துத் தின்னாதவர். ஒருவர் கடலின் தூசை உண்கிறார். மற்றவர் காடு ஒதுக்கியதை உண்கிறார்.

இப்பொழுது பேத்தி கேட்ட பொருளுக்கு வருவோம். யார் நல்ல தாய்?

கோலாவின் குட்டி, தாய் வயிற்றில் இருப்பது 35 நாட்கள் மட்டுமே. பிறக்கும்போது 2 சென்டிமீட்டர் நீளம். அரைக் கிராம் எடை. ஒரு மொச்சைக் கொட்டை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் திறவாது, காது உருவாகியிராது, உடம்பில் மயிர் இராது. அந்நிலையில், மணத்தை மட்டுமே வழிகாட்டியாகக் கொண்டு, முன்னங்கால்களால் தாயின் உடலைப் பற்றி ஏறிப் பைக்குள் புகுந்து முலைக்காம்பைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பின் ஆறேழு மாதம் பைக்குள்ளேயே வாசம். வெளியே தலைகாட்டும் பருவத்தில், தாய் தன் குடலிலிருந்து கூழ் போன்ற ஒன்றை வெளியேற்றிக் குட்டிக்கு ஊட்டுகிறது. கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் தைல இலையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அதன் வழியாகத்தான் குட்டியின் வயிற்றுக்குள் போய்ச் சேர்கின்றன. அந்த ஊட்டு இல்லையேல் குட்டி இலை தின்று பிழைக்க இயலாது. பிறகு ஓராண்டு நிறையும் வரை தாயின் முதுகில் சவாரி.

ஆனைத் திருக்கையின் முறை இதற்கு நேர்மாறு. முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, குட்டி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உள்ளேயே வளர்கிறது. கருப்பையில் பால் போன்றதொரு திரவம் சுரந்து அதனை ஊட்டுகிறது. பிறக்கும்போதே ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கும் அக்குட்டி, மடித்த பாய் போல் இறக்கைகளைச் சுருட்டிக்கொண்டு வெளிவருகிறது, விரித்துக்கொள்கிறது, நீந்திப் போய்விடுகிறது. தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. குட்டிக்கும் தாய் தேவையில்லை.

"அப்படியானால் அது கெட்ட அம்மாதானே, தாத்தா?" என்றாள் பேத்தி.

"இல்லை, கண்ணு. உன் கோலா ஒரு மாதம் வயிற்றில் சுமந்து ஓராண்டு வெளியே சுமக்கிறது. அண்ணனுடைய திருக்கை அந்த ஓராண்டையும் வயிற்றிலேயே சுமந்துவிடுகிறது. சுமை என்னவோ ஒன்றுதான்" என்றேன்.

குடும்பத்தாரே, இந்த இரு தாயர்க்கும் உள்ள மிகப் பெரிய ஒற்றுமையை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். இருவருமே ஒரு முறைக்கு ஒரே ஒரு பிள்ளை பெறுபவர்கள். இரட்டைப் பிள்ளை மிக அரிது. கோலாவுக்கு ஆண்டுக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். திருக்கையோ பிறந்து பத்தாண்டு அளவில்தான் பிள்ளைப்பேற்றுக்குத் தகுதி பெறுகிறது. அதன் பின்னும் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே 2 முதல் 5 ஆண்டுகள் செல்கின்றன. நாற்பதாண்டு வாழ்ந்தாலும் அது பெறும் பிள்ளைகள் பத்தைத் தாண்டுவது அரிது. நம் மத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தாய் மீன் பல்லாயிரம் முட்டையிடும். மத்தியைப் பிடிப்பது வட்டியை எடுத்துச் செலவழிப்பது போல. ஆனைத் திருக்கையைப் பிடிப்பது முதலையே எடுத்து உண்பது போல.

இது எனக்கு ஏட்டறிவாக மட்டும் இருந்தது, அன்று மாலை வரை.

அன்று மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீன் வாங்கப் போனேன். நம் ஊருக்குக் கடல் கிடையாது. கடலூர்ப் பக்கமிருந்து மீன் வந்தால்தான் உண்டு. வழக்கமாக எங்களுக்கு மீன் தரும் அம்மையார் கூடையில் சிறு திருக்கைகள் இருந்தன. பேரன் உடனே, "பாட்டி, நீங்கள் ஆனைத் திருக்கையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டான்.

"பார்க்காமல் என்ன ராசா! கல்யாணம் ஆன புதுசில் எங்கள் வீட்டுக்காரர் வலையிலேயே விழுந்தது" என்றார் அவர். மீனை அரிந்தபடியே சொன்னார். சூரை மீனுக்கு விட்ட வலையில் இரவில் சிக்கியதாம். திருக்கை நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளில் நீர் ஓடும், மூச்சு நடக்கும். வலை அதனை நிறுத்திவிட்டது. விடியும்போது உயிரில்லை. கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க இன்னொரு படகும் வேண்டியிருந்ததாம். கரையில் வயிற்றைக் கீறியபோது உள்ளே குட்டி.

"இறக்கையை மடிச்சுக்கிட்டு, சேலையைச் சுருட்டி வச்ச மாதிரி கிடந்தது, ஐயா. அப்போ நானும் முழுகாமல் இருந்தேன். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அந்தக் குட்டியை யாரும் விற்கவில்லை. கடலிலேயே கொண்டுபோய் விட்டார்கள்."

பிள்ளைகள் பேசவில்லை. நான்தான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அடுத்த முறை சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடலாம் அல்லவா?" என்றேன்.

அவர் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அறுத்து விடலாம், ஐயா. வலையை யார் வாங்கிக் கொடுப்பா?"

அந்தக் கேள்விக்கு அங்கே என்னிடம் விடை இல்லை. மீனை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

குடும்பத்தாரே, இக்கேள்வி புதியதன்று. கோலாவின் வரலாற்றிலும் இதே கேள்வி எழுந்தது. கோலாவின் தோல் மிருதுவானது. கம்பளி போல் குளிர் தாங்குவது. அதற்காகவே அது ஆண்டாண்டாய் வேட்டையாடப்பட்டது. 1927ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அரசு, வறட்சியாலும் வேலையின்மையாலும் வாடிய நாட்டுப்புற மக்களுக்கு வருவாய் கிடைக்கட்டும் என்று கோலா வேட்டைக்கு ஆகஸ்டு மாதம் அனுமதி வழங்கியது. அந்த ஒரே மாதத்தில் கொல்லப்பட்டவை ஏறத்தாழ 6 இலட்சம். தாய் கொல்லப்பட்டபோது பையிலிருந்த குட்டியும் உடன் மாண்டது. நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். இன்றும் அதனைக் 'கறுப்பு ஆகஸ்டு' என்று குறிப்பிடுகிறார்கள். அதன் பின் குயின்ஸ்லாந்தில் கோலா வேட்டைக்கு அனுமதி வழங்கப்படவே இல்லை.

எண்ணிப் பாருங்கள்: ஏழைகளின் பசி பொய்யன்று. ஆனால் ஒரு மாதத் தோல் விற்பனையால் அவர்கள் வறுமை தீர்ந்துவிட்டதா? தோல் தீர்ந்தது, வறுமை இருந்தது. வேட்டை நின்ற பின்னும் கோலா பழைய நிலையை எய்தவில்லை. காடுகள் வெட்டப்பட்டன, நோய் பரவியது, 2019-20 காட்டுத்தீயில் எண்ணற்றவை மடிந்தன. 2022 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகிய இடங்களில் கோலா அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று அறிவித்தது.

கோலாவுக்குத் தோல் எமனாக வந்தது போல், ஆனைத் திருக்கைக்கு அதன் சல்லடை எமனாயிற்று. செவுளிலுள்ள அந்த இதழ்களை உலர்த்தி, மருந்து என்று சீன நாட்டில் விற்கிறார்கள். நோய் தீர்க்கும் என்பதற்கு அறிவியல் சான்று ஏதும் இல்லை. ஆயினும் விலை கிடைக்கிறது. முன்பெல்லாம் வலையில் தவறிச் சிக்கி, மலிவான கருவாடாகப் போன மீன், இதனால் தேடப்படும் பொருளாயிற்று. இலங்கையும் இந்தியாவும் இவ்வகைத் திருக்கைகளை மிகுதியாகப் பிடிக்கும் நாடுகளின் வரிசையில் உள்ளன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று. 2013ஆம் ஆண்டில் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஆனைத் திருக்கை சேர்க்கப்பட்டது. பின்னர் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. ஆனால் சட்டம் கரையில் இருக்கிறது. வலை கடலில் இருக்கிறது. நள்ளிரவில் வலையை இழுக்கும் மீனவர்தான் அங்கே முடிவெடுக்க வேண்டியவர்.

அப்படியானால் அந்த அம்மையாரின் கேள்விக்கு விடையே இல்லையா? இருக்கிறது, நம் நாட்டிலேயே இருக்கிறது.

குஜராத் கடற்கரையில் ஒரு காலத்தில் திமிங்கிலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடினார்கள். 2001ஆம் ஆண்டில் நம் நடுவண் அரசு அதனைச் சட்டப்படி காப்பாற்றியது. ஆனால் சட்டத்தைவிட வலுவாக வேலை செய்தது, 2004ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஒரு மக்கள் இயக்கம். அம்மாநில மக்கள் போற்றும் சமயச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளோடு அச்சுறாவை ஒப்பிட்டுப் பேசினார். வந்த மகளை எந்தத் தகப்பன் கொல்வான்? மீனவர் மனம் இளகிற்று. அதோடு நில்லாமல், சுறாவை விடுவிக்க வலையை அறுப்பவருக்கு வனத்துறை இழப்பீடும் வழங்கலாயிற்று. அறுத்து விட்டதற்குச் சான்றாக மீனவரே படம் எடுத்து அனுப்பினார்கள். அன்று முதல் நூற்றுக்கணக்கான சுறாக்கள் அவர்கள் கையாலேயே கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

நம் தமிழகத்திலும் பாக்கு விரிகுடாவில் கடற்பசுவைக் காக்க 2022ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் காப்பகம் ஒன்று அமைக்கப்பட்டது. வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவருக்குப் பாராட்டும் பரிசும் அளிக்கப்பட்டுள்ளன. கடற்பசுவும் ஒரு முறைக்கு ஒரு கன்று ஈனும் தாய்தான்.

இவற்றிலிருந்து நான் கற்றது இரண்டு. ஒன்று, மனம் மாற வேண்டும். அதற்கு மகள் என்றும் தாய் என்றும் சொல்லித்தான் ஆகவேண்டும். மற்றொன்று, மனம் மாறியவன் பட்டினி கிடக்கக் கூடாது. அதற்கு வலையின் விலையை ஊர் ஏற்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. எந்த உயிருக்காக வலை அறுபட்டாலும், அறுத்தவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கரையில் அமர்ந்து மீன் உண்ணும் நாம், கடலில் நிற்பவனுக்கு மட்டும் அறம் சொல்லிக்கொண்டிருப்பது முறையாகாது.

கடற்கரைப் பங்குகளில் வாழும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மீனவர் சங்கம் கூடும்போது இப்பொருளை எடுத்துப் பேசுங்கள். உயிரோடு சிக்கிய ஆனைத் திருக்கையை விடுவிப்பவருக்கு வலை இழப்பீடு வேண்டுமென்று ஒருமுகமாக மனுக் கொடுங்கள். நம்மைப் போன்று உள்நாட்டில் வாழ்வோர், அந்த மனுவில் கையொப்பமிடவாவது கடன்பட்டவர்கள்.

மறுநாள் காலை கூடத்துக்கு வந்து பார்த்தேன். வழக்கு என்னவாயிற்று என்று தெரியவில்லை. ஆனால் பேரனின் புத்தகம் திருக்கைப் படத்தின் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அது காற்றில் புரளாதிருக்க, மேலே பேத்தியின் பீங்கான் கோலா அமர்ந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் வெளியே தைலமரத்தடியில் நின்று, இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, அந்தப் பாட்டியின் பிள்ளை நல்லபடி பிறந்ததா?" என்றாள் பேத்தி.

பிறந்தது. கடலூர்த் துறைமுகத்தில் இன்று அவரும் படகு ஓட்டுகிறார். அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது, அவருக்காக இந்த இதழில் ஒரு படியை அந்த அம்மையாரிடம் கொடுத்தனுப்ப எண்ணியிருக்கிறேன்.